வன்னியில் வீட்டுக் கம்பியூட்டருக்கு யூ.பி.எஸ். வாங்குவது எப்படி?

கரண்ட் போனதும் பற்றரியில் இருந்து கம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டுகிற பெட்டிதான் யூ.பி.எஸ். அதை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "கரண்ட் போனால் எவ்வளவு நேரம் நிற்கும்?" என்பதுதான். வன்னியில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எத்தனை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இது பற்றரிக்கு மாறும்?" இங்கே யூ.பி.எஸ். பற்றரிகள் சீக்கிரம் சாவதற்கு மின்வெட்டைவிடப் பெரிய காரணங்கள், பின்னேரத்தில் இறங்குகிற வோல்ற்றேஜும் வெக்கையும்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை இருந்தால் சரி. ரவுனுக்குள், ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட இருக்கிற வீடுகளுக்கு இது பெரும்பாலும் கிடைக்கும். துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்ளூர்களில் ஒரு ட்ரான்ஸ்போமரில் இருந்து கம்பி நீளமாக ஓடும். லைனின் கடைசி வீட்டில் பின்னேரம் எல்லோரும் லைற், ஃபான், ரைஸ் குக்கர் போடும் நேரம் வோல்ற்றேஜ் இறங்கும். கோடையில் தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டர்களும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். அரிசி ஆலைக்குப் பக்கத்து வீடென்றால், ஆலை மோட்டர் எடுக்கும்போதெல்லாம் ஒரு குத்து விழும்.

அந்த நேரம் லைற் எரியும், ஃபான் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மலிவான யூ.பி.எஸ்.ஸுக்கோ அது கரண்ட் போனது போலத்தான். "டிக்" என்று பற்றரிக்கு மாறும், வோல்ற்றேஜ் கொஞ்சம் ஏறியதும் திரும்பும், மறுபடி மாறும். ஒவ்வொரு பின்னேரமும் இப்படிப் பற்றரி கொஞ்சம் கொஞ்சமாக வடியும், முழுதாகச் சார்ஜ் ஆக நேரம் கிடைக்காது. அரைச் சார்ஜில் கிடக்கிற ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகும். ஒரு வருடம் போனதும் உண்மையான மின்வெட்டில் ஒரு நொடிகூடத் தாங்காமல் கம்பியூட்டர் நின்றுவிடும். பழி யூ.பி.எஸ். கம்பனிக்குப் போகும்.

முதலில் அளந்து பாருங்கள்

பிளக்கில் நேரடியாகச் செருகுகிற சின்ன வோல்ற்றேஜ் மீற்றர் கடைகளில் கிடைக்கும். கம்பியைத் தொடும் வேலை இல்லாததால் அதுதான் வசதி. மல்ரிமீற்றர் பாவிக்கத் தெரிந்தவர் குமிழை 750 ஏ.சி.யில் வைத்து அளக்கலாம். தெரியாதவர் வயரிங் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். ஒரு கிழமைக்கு, காலை 10 மணியளவில், பின்னேரம் 6.30க்கும் 9.30க்கும் இடையில் இரண்டு முறை, வீட்டுத் தண்ணி மோட்டர் ஓடும்போது ஒரு முறை என்று எழுதி வையுங்கள். ஆகக் குறைந்த எண்தான் உங்களுக்குத் தேவை.

ஒரு நாளும் 205க்குக் கீழே போகவில்லை என்றால் நல்ல நிறுவனத்தின் எந்த யூ.பி.எஸ்.ஸும் போதும். 165க்கும் 205க்கும் இடையில் என்றால் ஏ.வி.ஆர். உள்ள "லைன் இன்ரறாக்ரிவ்" வகை கட்டாயம். இதில் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்போமர், பற்றரியைத் தொடாமலே குறைந்த வோல்ற்றேஜை உயர்த்திக் கொடுக்கும். பெட்டியின் பக்கத்தில் "இன்புட் வோல்ற்றேஜ் ரேஞ்ச்" என்று அச்சடித்திருப்பார்கள். 140–290 என்றிருந்தால் நமக்கு நல்லது, 170–280 என்றால் அளந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆகக் குறைந்த வோல்ற்றேஜுக்கும் அந்தக் கீழ் எல்லைக்கும் 15 வோல்ட்டாவது இடைவெளி வேண்டும். "ஏ.வி.ஆர். இருக்கு" என்ற வாய்வார்த்தையில் நிற்காமல் இந்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள்.

165க்கும் கீழே இறங்குகிற வீட்டில் யூ.பி.எஸ். மட்டும் வாங்கிப் பிரயோசனம் இல்லை. அளந்த குறிப்போடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். ட்ரான்ஸ்போமரில் இருந்து வருகிற மூன்று லைன்களில் (பேஸ்) ஒன்றில் மட்டும் அதிக வீடுகள் கொழுவியிருந்தால் அதைப் பிரித்துவிட்டாலே வோல்ற்றேஜ் ஏறும். அதுவரைக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் ஒரு ஸ்ரெபிலைசர் போடலாம். முன்னால் என்றால் சுவர்ப் பிளக்குக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் இடையில். யூ.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் போட்டால், பற்றரியில் ஓடும்போது ஸ்ரெபிலைசரின் ட்ரான்ஸ்போமர் சேர்ந்து சுமையாகி இரண்டும் சூடாகும்.

"ஒன்லைன்" வகை ஒன்றும் உண்டு. அது எப்போதும் இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பகுதி) வழியாகவே மின்சாரம் கொடுக்கும், மாறும் இடைவெளியே இல்லை. விலை பல மடங்கு, ஃபான் சத்தம் ஓயாது, வெக்கையும் கூட. வீட்டுக்குத் தேவைப்படாது. சின்னப் பெற்றோல் ஜெனரேற்றரோடு அடிக்கடி ஓட்டுகிற கடைக்காரர் வேண்டுமானால் யோசிக்கலாம். அந்த ஜெனரேற்றர்களின் வேகம் சுமைக்கேற்ப ஏறி இறங்க, 50 ஹேர்ட்ஸ் நிலையாக நிற்காது. சாதாரண யூ.பி.எஸ். அந்த மின்சாரத்தை ஏற்காமல் பற்றரியிலேயே ஓடி முடிந்துவிடும்.

வி.ஏ. வேறு, வாட் வேறு

வி.ஏ. என்பது வோல்ட்டை அம்பியரால் பெருக்கிய எண், வாட் என்பது உண்மையில் பாவிக்கக் கிடைக்கும் வலு. 650 வி.ஏ. என்று பெரிதாக எழுதிய யூ.பி.எஸ். உண்மையில் கொடுப்பது 360 வாட் அளவில்தான். 1000 வி.ஏ. என்றால் பொதுவாக 600. வாட் எண்ணே அச்சடிக்காத பெட்டியை வாங்காதீர்கள்.

உங்கள் கம்பியூட்டரின் பவர் சப்ளையில் 450 வாட் என்று இருப்பது அது கொடுக்கக்கூடிய உச்சம். தனிக் கிறாபிக்ஸ் கார்ட் இல்லாத, எழுத்து வேலையும் படிப்பும் நடக்கிற கம்பியூட்டர் மொனிற்றரோடு சேர்த்து 60 முதல் 120 வாட் வரைதான் எடுக்கும். ரவுட்டர் 10 வாட் அளவு. பெரிய கிறாபிக்ஸ் கார்ட் போட்டு கேம் விளையாடுகிற மெசின் 300, 400க்கு ஏறும். மொத்தச் சுமை, யூ.பி.எஸ்.ஸின் வாட் எண்ணில் 60 வீதத்தைத் தாண்டாமல் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். லேசர் பிறின்ரரை ஒரு நாளும் இதில் செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் நேரம் அது ஒன்றே 600 வாட்டுக்கு மேல் இழுக்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வி.ஏ. சொல்லாது, உள்ளே இருக்கிற பற்றரிதான் சொல்லும். சின்ன யூ.பி.எஸ்.களில் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. ஆனால் வேகமாக இழுக்க இழுக்க ஈயப் பற்றரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. புதுப் பற்றரியில் 60 வாட் சுமை 40 நிமிடம் அளவில் நிற்கும். 120 வாட்டுக்கு 15 நிமிடம் அளவுதான், 250 வாட்டுக்கு 5, 6 நிமிடத்தோடு சரி. சில நிறுவனங்கள் 650க்கும் 850க்கும் ஒரே 7 அம்பியர்-மணி பற்றரியைத்தான் போடுகின்றன. கூடக் காசு கொடுத்தும் நேரம் கூடாது. "உள்ளே எத்தனை பற்றரி, எத்தனை அம்பியர்-மணி?" என்று கேளுங்கள். சாதாரண வீட்டுக் கம்பியூட்டருக்கு, அகன்ற வோல்ற்றேஜ் எல்லையுள்ள 650 அல்லது 850 வி.ஏ. போதுமென்பது எங்கள் கருத்து. மிச்சக் காசை இரண்டு வருடம் கழித்து வாங்க வேண்டிய பற்றரிக்கு வையுங்கள்.

2022 மார்ச் 31 அன்று போல 13 மணிநேரம் வெட்டினால் எந்தச் சின்ன யூ.பி.எஸ்.ஸும் கைகொடுக்காது. அதற்கு இன்வேட்டரும் 100 அம்பியர்-மணிப் பற்றரியும் வேண்டும், அது தனிக் கணக்கு. சிலர் குறுக்குவழியாக யூ.பி.எஸ்.ஸின் வயரை வெளியே இழுத்து கார் பற்றரி கொழுவுகிறார்கள். இதைச் செய்ய வேண்டாம். பல யூ.பி.எஸ்.களில் பற்றரி வயரே மெயின் கரண்டோடு தொடர்பில் இருக்கும், தொட்டால் அடிக்கும். உள்ளே இருக்கிற சின்னச் சார்ஜர் அவ்வளவு பெரிய பற்றரியை நிரப்ப நாட்கணக்காகும். கால் மணிநேரம் ஓடவென்று செய்த ட்ரான்ஸ்போமர் மணிக்கணக்காக ஓடினால் கருகும். தண்ணீர் ஊற்றுகிற பற்றரி சார்ஜ் ஏறும்போது விடுகிற ஐதரசன் மூடிய அறைக்குள் தீப்பிடிக்கலாம்.

லப்டொப் வைத்திருப்பவருக்கு யூ.பி.எஸ்.ஸே வேண்டாம். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்கினால் ஒன்லைன் வகுப்பு இரண்டு, மூன்று மணிநேரம் அறுபடாமல் போகும். வாங்குமுன் ரவுட்டரின் அடாப்டரைப் புரட்டி 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பாருங்கள்.

கடையில்

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பற்றரிக்குத் தனி மூடி இருக்கிறதா, முழு யூ.பி.எஸ்.ஸையும் கழற்றித்தான் மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். பற்றரியின் மேல் குத்தியிருக்கிற உற்பத்தித் திகதி ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். சார்ஜ் ஏறாமல் றாக்கையில் கிடந்தாலும் பற்றரி கெடும்.

கடையில் இருக்கிற கம்பியூட்டர் ஒன்றைக் கொழுவி, சுவர் சுவிட்சை நிறுத்தி, ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மாறும் நேரம் 10 மில்லி செக்கனுக்குள் இருந்தால் கம்பியூட்டர் பொதுவாக உணராது. "அக்ரிவ் பி.எஃப்.சி." என்று எழுதிய விலைகூடிய பவர் சப்ளைகள் சில, மலிவான யூ.பி.எஸ். பற்றரியில் ஓடும்போது கொடுக்கிற, படிக்கட்டுப் போல வெட்டுவெட்டான மின்சார அலைக்கு ஒத்துவராமல் மாறும் கணத்திலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட மெசினுக்கு, மெயின் கரண்ட் போல வழவழப்பான அலை கொடுக்கிற "பியூர் சைன் வேவ்" வகை கேளுங்கள். மற்றவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

உத்தரவாதத்தில் மெசினுக்கு எத்தனை வருடம், பற்றரிக்கு எத்தனை மாதம் என்பதைத் தனித்தனியாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பார்ப்பார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள்.

வீட்டில் வைக்கும் இடம், எர்த், இடி

ஈயப் பற்றரி 25 பாகை வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகக் குறையும். சீற் கூரைக்குக் கீழே மத்தியானம் நிற்கிற வெக்கையில் ஒன்றரை, இரண்டு வருடம் உழைத்தாலே நல்லது. ஆகவே யன்னல் வெயில் படாத, அறையில் ஆகக் குளிரான மூலையில், நிலத்தில் இருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். சுற்றிவரக் கையகல இடைவெளி விடுங்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள். நிலத்தில் வைத்தால் மாரியில் ஈரமும் எறும்பும் ஏறும். எறும்பு ரிலேக்குள் (பற்றரிக்கு மாற்றுகிற சின்னத் தானியங்கிச் சுவிட்ச்) புகுந்து நசுங்கினால் அந்த ரிலே சரியாக ஒட்டாது, யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்தும்.

இடிமின்னலுக்கு எதிரான பாதுகாப்பு எல்லா யூ.பி.எஸ்.ஸிலும் உண்டு என்பார்கள். எர்த் ஒழுங்காக இல்லாத வீட்டில் அது பாதி வேலையும் செய்யாது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழாய் இருந்தும் இல்லாத மாதிரி. மணற்பாங்கான முல்லைத்தீவுக் கரையோரத்தில் இன்னும் மோசம். எர்த்தை வயரிங் செய்பவரிடம் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், இரண்டு முள் அடாப்டர் போட்டு எர்த்தை அறுக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி தொடங்கும்போது பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுவதுதான் உறுதியான வழி. சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. செம்புக் கம்பியில் வருகிற ரெலிபோன் இணைப்பையும் ரவுட்டரில் இருந்து உருவிவிடுங்கள், பல வீடுகளில் இடி அந்த வழியாகத்தான் வருகிறது.

வாங்கிய அன்று, சுமை எதுவும் கொழுவாமல் 8 மணிநேரம் சார்ஜில் விடுங்கள். யூ.எஸ்.பி. வயர் வந்திருந்தால் கம்பியூட்டரில் செருகுங்கள். லப்டொப் போலவே பற்றரி அடையாளம் வரும், பவர் ஒப்ஷனில் பற்றரி 40 வீதத்துக்கு இறங்கியதும் தானாக நிற்கும்படி வைக்கலாம். பற்றரி பழசாக ஆக அந்த வீதக் கணக்குப் பொய் சொல்லும் என்பதால் 10 வீதத்தில் விட வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலையைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை நிறுத்தி எத்தனை நிமிடம் நிற்கிறதென்று பார்த்து யூ.பி.எஸ்.ஸின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். புதிதில் நின்ற நேரத்தில் பாதிக்கு வந்தால் பற்றரி மாற்றும் காலம். பக்கம் ஊதியிருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் போவதென்றால் முழுச் சார்ஜ் ஏற்றி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

மாற்றுப் பற்றரி வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல 7 அம்பியர்-மணிப் பற்றரி 2 கிலோவுக்குக் குறையாது. 1.6, 1.7 கிலோ என்றால் ஈயம் குறைத்திருக்கிறார்கள். மீற்றர் வைத்தால் 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே என்றால் வாங்காதீர்கள். 9 அம்பியர்-மணிப் பற்றரியும் பெரும்பாலும் அதே அளவுதான், அதே இடத்தில் உட்காரும், கொஞ்ச நேரம் கூடத் தரும். முனைத் தகட்டின் அகலம் இரண்டு வகை, 4.75 மில்லிமீற்றரும் 6.35 மில்லிமீற்றரும். பழைய பற்றரியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். அகலமான கிளிப்பை ஒடுங்கிய தகட்டில் போட்டால் ஆடும், சூடாகும், பிளாஸ்ரிக் பழுப்பாகி உருகும். மாற்றும்போது பிளக்கைக் கழற்றி, சிவப்பு வயர் கூட்டல் முனையில்தான் போகிறதென்று இரண்டு முறை பாருங்கள். மாறிப் போட்டால் உள்ளே இருக்கிற பியூஸோ போர்ட்டோ போய்விடும். பழைய பற்றரியை வளவுக்குள் எறியவோ உடைத்து ஈயம் உருக்கவோ வேண்டாம், ஈயப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பற்றரிக் கடைகள் நிறைக்கு விலை போட்டு எடுக்கும், புதுப் பற்றரியின் விலையில் கழித்துக் கேளுங்கள்.