போர் தண்ணில ஃப்ளோரைடு இருக்கா? இப்படி செக் பண்ணுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணிய குடிக்கிறவங்க தயவுசெஞ்சு இத படிங்க. ஃப்ளோரைடுங்கிறது பாறையில இருந்து தண்ணில கரையுற ஒரு உப்பு, அதுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, பளிங்கு மாதிரி தண்ணிலயும் அது இருக்கும். சின்ன புள்ளைங்களுக்கு முளைக்கிற நிலைப்பல்லுல சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளை கோடு, போகப்போக பழுப்பு கறைன்னு வந்தா உடனே தண்ணிய டெஸ்ட் பண்ணிடுங்க. வருஷக்கணக்கா குடிச்சா மூட்டு, முதுகெலும்பு வரைக்கும் பாதிக்கும்.

மாவட்டத்துல குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் இருக்கு, கட்டணம் கட்டி குடுக்கலாம். ரெண்டு லிட்டர் புது பிளாஸ்டிக் கேன் எடுத்துக்கோங்க, கண்ணாடி பாட்டில் வேணாம், ஃப்ளோரைடு கண்ணாடியோட சேர்ந்து அளவு மாறிடும். டேங்க்ல இருந்து பிடிக்காம மோட்டார போட்டு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணில கேன ரெண்டு மூணு தடவ அலசிட்டு, விளிம்பு வரைக்கும் நெரப்பி, எந்த போர், என்ன தேதின்னு எழுதி ஒட்டிடுங்க.

ரிப்போர்ட்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் சரி. 1.5 தாண்டுனா குடிக்கவும் சமைக்கவும் அந்த தண்ணி வேணவே வேணாம். அப்படியே உரம், சாக்கடையில இருந்து கலக்குற நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள்ள இருக்கான்னு பாத்துக்கோங்க, கைக்குழந்தை இருக்குற வீட்டுல இது ரொம்ப முக்கியம்.

காய்ச்சுனா போயிடும்னு நெறைய பேர் நம்புறாங்க, போகாது, தண்ணி சுண்ட சுண்ட அளவு கூடத்தான் செய்யும். யூவி ஃபில்டரும் கிருமிய மட்டும்தான் கொல்லும். ஆர்ஓ இல்லன்னா ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர்தான் வேலைக்கு ஆகும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வர்ற ஊர்னா குடிக்க, சமைக்க அதையே பிடிங்க, போர் தண்ணி துணி துவைக்க இருக்கட்டும்.