புள்ளியைத் தின்ற ரசீது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் திருவிழா நன்கொடை ரசீதை பிஎச்பி என்ற நிரல்மொழியில்தான் அச்சடிக்கிறேன். தாள் குறுகல் என்று பெயரை சப்ஸ்டர் என்ற வெட்டும் கட்டளை போட்டு 20-இல் வெட்டியிருந்தேன். சுப்பிரமணியம் 'சுப்பி'யோடு நின்று, பின்னால் ஒரு கேள்விக்குறி.

காரணம் எளிது. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். சப்ஸ்டர் எண்ணுவது பைட்டை.

சரி, பைட்டை விட்டுக் குறியை எண்ணும் எம்பி_சப்ஸ்டர் போட்டு 12 ஆக்கினேன். இப்போது 'சுப்பிரமணியம'.

"தம்பி, என் பேர்ல புள்ளி எங்கப்பா?" என்று ரசீதை நீட்டினார் பெரியவர்.

எம்பி_சப்ஸ்டருக்குப் புள்ளியும் உயிர்க்குறியும்கூடத் தனித்தனிக் குறி. நமக்கு 8 எழுத்து, அதற்கு 13 குறி. அப்புறம் பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் இன்ட்எல் என்ற கூடுதல் நீட்சியைத் திறந்து, அதே 12-உடன் கிராஃபீம்_சப்ஸ்டர் எழுதினேன். அது நாம் எண்ணுவதுபோல எழுத்தாக எண்ணுகிறது. பெரியவருக்குப் புது ரசீது அடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் புள்ளியைத்தான் முதலில் தேடினார்.