பான்ஷான் சாடி செய்வோம்: கறுப்புக் கோடு கறுப்பாகவே வர

சீனாவின் கான்சு பகுதியில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் செய்த வண்ணச் சாடிகளைப் பான்ஷான் வகை என்பார்கள். 1920-களில் ஸ்வீடன் நிலவியலாளர் ஆண்டர்சன் சேகரித்தவற்றில் பல இன்றும் ஸ்டாக்ஹோமில் இருக்கின்றன. குட்டைக் கழுத்து, நன்றாக உப்பிய தோள், ஒடுங்கிய அடி, இடுப்பில் இரண்டு காது. மண்பாண்டத்தில் இதைவிட அழகான வடிவம் எனக்குத் தெரியாது.

முதலில் உடல். மண்ணைக் கயிறாக உருட்டி வளையம் வளையமாக அடுக்குங்கள், அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சுட்டபின் வெளிர் நிறமாகும் மண்ணாக இருக்கட்டும், செக்கச்செவேல் மண்ணில் சிவப்புக் கோடு எடுபடாது. தோள்வரை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், அடி கொஞ்சம் இறுகியதும் மேலே போங்கள்.

விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது, நகம் பட்டால் கோடு விழும், அந்தப் பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுங்கள். ஸ்பூன், பிளாஸ்டிக் எல்லாம் பார்த்தாயிற்று, கல்தான் நல்லது.

இனி வண்ணம், இங்கேதான் நிதானம் வேண்டும். சிவப்புக்கு இரும்பு ஆக்சைடைச் சலித்த மண்குழம்பில் கலந்தால் போதும். கறுப்புக்குக் கறுப்பு இரும்பு ஆக்சைடு வாங்கிப் பூசினால், பூசும்போது அருமையாக இருக்கும், ஆனால் காற்றோட்டமுள்ள சூளையில் அது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சிவந்துவிடும். சூட்டிலும் கறுப்பைத் தாங்கிப் பிடிப்பது மாங்கனீசு. பழைய சாடிகளின் கறுப்பிலும் இரும்போடு மாங்கனீசு இருக்கிறது. நான் கலப்பது: மண்குழம்பு இரண்டு பங்கு, சிவப்பு இரும்பு ஆக்சைடு ஒன்று, மாங்கனீசு டை ஆக்சைடு ஒன்று. உங்கள் மண்ணுக்கு முதலில் ஒரு சில்லில் பூசிச் சுட்டுப் பாருங்கள். மாங்கனீசுத் தூள் மூச்சில் போகக்கூடாது, முகக்கவசம் கட்டாயம், சூளைப் புகையிலும் நிற்காதீர்கள்.

வண்ணம் உரிந்து வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பானை முழுக்கக் காய்ந்தபின் பூசினால் அப்படி ஆகும், ஈரம் மிச்சமிருக்கும்போதே பூசிவிடுங்கள்.

கோலம்: தோளைச் சுற்றி நான்கு மையப்புள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு சுழல், அதன் வால் அடுத்த சுழலின் தலையில் போய்ச் சேரவேண்டும். நடுவில் சிவப்புக் கோடு, இருபுறமும் கறுப்புப் பட்டை, பட்டையின் உள்விளிம்பில் ரம்பப்பல். நீளமயிர்த் தூரிகை வாங்குங்கள், குட்டைத் தூரிகையில் வளைவு பாதியில் அறுந்துவிடும். அடிப்பாகத்தை வெறுமையாக விடுங்கள், தரையில் உட்கார்ந்து மேலிருந்து பார்க்கும்போது தோள்தானே தெரியும்.

நிழலில் நன்றாக உலர்த்தி, முதல் 200 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும். 950 டிகிரி போதும், அதற்கு மேல் போகப்போக மெருகு மங்கும்.

இதில் தண்ணீரோ சாப்பாடோ வைக்கவேண்டாம். அப்புறம், சுடுவதற்கு முன்பே அடியில் உங்கள் பெயரையும் ஆண்டையும் ஆழமாகக் கீறிவிடுங்கள், இந்த வகையில் போலிப் பழம்பொருள்கள் சந்தையில் ஏராளம், உங்கள் சாடி யார் கைக்குப் போனாலும் அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது.