யாழ்ப்பாணச் சமையலறையில் காசு கரையும் இடங்கள்

உப்புக் கூடிப்போவது, சோறு அடிப்பிடிப்பது, பிட்டுமா கட்டிபடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. உப்புக் கரித்த கறியை ஒருமுறை சாப்பிட்டவருக்கு மறுநாள் கை தானாக அடங்கும். நான் சொல்ல வருபவை, தவறு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் நடந்துகொண்டிருப்பவை.

திருமணமாகித் தனிக்குடித்தனம் போன பிள்ளைகள், பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்துத் தாங்களே சமைக்கும் மாணவர்கள் என்று பலருடைய அடுப்படிகளை அண்மையில் பார்க்க நேர்ந்தது. எங்கள் தலைமுறை இளவயதில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். அப்போது தேங்காய் வளவில் விழுந்தது, முருங்கை வேலியில் நின்றது. இன்று வாடகை வீட்டில் இருப்பவருக்கு இரண்டும் விலைக்குத்தான். அதனால் பிழையின் விலையும் ஏறிவிட்டது.

பட்டியல் எழுதிக்கொண்டு மரக்கறிச் சந்தைக்குப் போவது

பலசரக்குக் கடைக்குப் பட்டியல் நல்லது. சந்தைக்கு அது சரிவராது. கரட், போஞ்சி, லீக்ஸ் என்று எழுதிய தாளோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர், என்ன விலையானாலும் அவற்றையே வாங்கித் திரும்புகிறார். அவை பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து லொறியில் வருபவை; ஏற்றுக்கூலியும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். அதே சந்தையில் சாக்கு விரித்துக் குவித்திருக்கும் பூசணியும் பயிற்றங்காயும் கீரைப்பிடியும் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கு. எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் அன்றைய கறி. வீட்டில் எவ்வளவு பருப்பு இருக்கிறது, எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். மற்றதைச் சந்தையில் நின்று தீர்மானிக்கலாம்.

வாழைக்காய் வாங்கினால் தோலை எறியாதீர்கள். சிறிதாக அரிந்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தேங்காய்ப்பூவோடு வறுத்தால் ஒரு வறை. ஒரு காயில் இரண்டு கறி.

சின்ன வெங்காயத்தை, வலிகாமத்துத் தோட்டங்களில் கிண்டும் காலத்தில் தாளோடு பிடியாக வாங்கிக் காற்றுப்படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பைக்குள் முடிந்து வைத்த வெங்காயம் வியர்த்து அழுகும். ஒன்று அழுகினால் பை முழுவதும் அழுகும்.

தேங்காய்ப்பூவை ஒரே பிழியலோடு எறிவது

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. அந்த விலையிலும், துருவிய பூவில் நிறையத் தண்ணீர் விட்டு ஒரே தடவை பிழிந்து சக்கையைக் குப்பையில் போடுவதைப் பார்த்தேன். முதற்பாலைக் கொஞ்சம் தண்ணீரில் பிழிந்து தனியாக வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலை இளஞ்சூட்டு நீரில் பிழியுங்கள். மரக்கறி அவிவதும் தூள் கொதிப்பதும் இந்தப் பின்பாலில்தான். முதற்பால் கடைசியாக, இறக்குவதற்குச் சற்று முன். அதை முதலிலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் திரையும். பிறகு கறி தடிக்கவில்லை என்று இன்னொரு பாதியை உடைப்பீர்கள். சொதிக்குத் தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விட வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

பாதித் தேங்காய் போதுமென்றால் கண்ணுள்ள பாதியை முதலில் துருவுங்கள். அதுதான் முந்திக் கெடும்.

மூடி போடாமல் அவிப்பது

மூடுங்கள். பருப்பையும் கடலையையும் ஊறவிடுங்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்காக நின்ற வரிசைகள் கற்றுத்தந்தது இது.

தூளைச் சூட்டோடு போத்தலில் அடைப்பது

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்குச் சொல்லியும் இது நிற்கவில்லை. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் கறியின் உயிர் தூள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் வறுபட்டு ஒன்றாகத் திரிந்து வருவதால்தான் கத்தரிக்காய்க்கும் கணவாய்க்கும் ஒரே போத்தலைத் திறக்கிறோம். அந்தப் போத்தல் கெட்டால் பல மாதச் சமையல் கெடுகிறது. இலங்கையில் விற்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. டொலர் ஏறினால் அதுவும் ஏறும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒரு துண்டு மஞ்சளுக்குக் கடை கடையாக அலைந்தோம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சரக்கைக் கடைசி ஒரு மணி நேரத்தில் பாழாக்குகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கொக்குவிலில் வாடகைக்கு இருக்கும் என் பெறாமகள் கடந்த கார்த்திகையில் முதன்முறையாகத் தானே தூள் திரித்தாள். கடைத்தூள் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு அவளைப் பாராட்ட வேண்டும். ஆனால் கார்த்திகை மழைமாதம். வெயில் காட்டாத மிளகாயைப் பையிலிருந்து எடுத்து, காம்பு கிள்ளி, மற்றச் சரக்குகளோடு ஒன்றாகத் தாச்சியில் போட்டு வறுத்திருக்கிறாள். மில்லில் திரித்துக் கொடுத்தவர், "உடனே இறுக்கி மூடி வையுங்கள் தங்கச்சி, இல்லாவிட்டால் மணம் போய்விடும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த கையோடு பிளாஸ்ரிக் போத்தல்களில் அமுக்கி நிரப்பி மூடிவிட்டாள். மார்கழியில் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியம்மா, தூள் கட்டிபட்டுப் போயிருக்கிறது. மேலே மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருக்கிறது. அதை வழித்தெடுத்துவிட்டால் கீழே நன்றாகத்தான் இருக்கிறது."

"பிள்ளை, அதில் ஒரு கரண்டிகூட எடுக்காதே. முழுவதையும் கொட்டு."

"மூன்று கிலோ, பெரியம்மா!"

மூன்று கிலோவும் மண்ணுக்குள்தான் போனது. அந்தப் பிள்ளையின் பிழை அதில் பாதிதான். மீதிப் பாதி, "மணம் போய்விடும்" என்று ஊரெல்லாம் வாய்வழி உலாவும் அந்த அறிவுரை. இயந்திரத்தில் திரியும்போது தூள் கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது. சூடான தூளிலிருந்து ஈரம் ஆவியாகக் கிளம்பும். மூடிய போத்தலுக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. சுவரில் வியர்த்து மறுபடி தூளிலேயே இறங்கும். அந்த ஈரம் போதும், பூஞ்சணம் பிடிக்க. நிழலில் ஆறவிட்டால் மணம் சிறிது குறையும் என்பது உண்மை. அந்தச் சிறிதைக் காப்பாற்றப்போய் முழுவதையும் இழக்கிறோம்.

வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பாவிப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேற்படலம் மட்டும். மிளகாயில் வளரும் சிலவகைப் பூஞ்சணம் அப்லாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கறி கொதிக்கும் சூட்டில் அது அழிவதில்லை. காலப்போக்கில் ஈரலைத் தாக்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தூளின் விலையை நினைத்து அதைப் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்கள்.

இனி, செய்ய வேண்டிய முறை. தூள் திரிக்கும் காலம் பங்குனி, சித்திரை. மிளகாயை நல்ல வெயிலில் காயவிடுங்கள். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும், மடக்கினால் சட்டென்று ஒடிய வேண்டும். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக, இளநெருப்பில் வறுங்கள். மல்லி மெதுவாக வறுபடும். சீரகமும் வெந்தயமும் கண்மூடித் திறப்பதற்குள் கருகும். ஒன்றாகப் போட்டால் மல்லி பச்சையாக நிற்கும்போதே வெந்தயம் கருகிக் கைக்கும். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் பதத்துக்கு வர வேண்டும். அதில் மிஞ்சும் ஈரம்தான் பலருக்குத் தெரியாத எதிரி. மஞ்சளைத் தட்டி உடைத்துக் காயவிட்டால் போதும்.

மில்லிலிருந்து வந்த தூளைச் சுத்தமான வெள்ளைத் துணியிலோ தாளிலோ மெல்லிதாகப் பரப்பி, வெயில் படாத இடத்தில் ஆறவிடுங்கள். நடுவே கையை வைத்துப் பாருங்கள். சூடு துளியும் இருக்கக் கூடாது. பிறகு, கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள். அன்றாடம் எடுக்க ஒரு சின்னப் போத்தல், மீதி பெரிய போத்தலில். சின்னப் போத்தலையும் கொதிக்கும் கறிக்கு மேலே பிடித்துக் கவிழ்க்காதீர்கள். கறியின் ஆவி நேரே உள்ளே போகிறது. காய்ந்த கரண்டியால் அளந்து, அடுப்புக்குத் தள்ளி நின்று எடுங்கள்.

அளவும் முக்கியம். இருவர் உள்ள வீட்டுக்கு மூன்று கிலோ எதற்கு? கொஞ்சமாகத் திரித்தால் முன்னால் திரித்தவரின் சரக்கு இயந்திரத்திலிருந்து நம்முடையதில் கலக்கும் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்வது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சரக்கு வாங்கி, சேர்ந்து வறுத்து, ஒரே தடவையில் திரித்துப் பங்கிட்டால் மில் கூலியும் மிச்சம், தூளும் பழசாகாது.

பூஞ்சணம் பிடிக்காமல் பதம் மட்டும் தப்பிய தூளைக் கொட்ட வேண்டாம். பச்சை வாடை அடித்தால் சமைக்கும்போது தேவையான அளவை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் பிரட்டி எடுத்துப் போடுங்கள். அப்படியே போட்டால் சுவை போதவில்லை என்று இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று போத்தல் பாதி மாதத்தில் தீரும். சற்றுக் கூட வறுபட்டதை இறைச்சிக்கும் கருவாட்டுக்கும் ஒதுக்குங்கள். அங்கே கறுப்பு நிறம் குறையாகத் தெரியாது.

பெரிய மீன்தான் மீன் என்று நினைப்பது

சூடையும் நெத்தலியும் காரலும் மலிவாகக் கிடைக்கும் நாளில் பாரை தேட வேண்டாம். காரலைச் சொதி வைத்துப் பாருங்கள்.

மிஞ்சிய சோற்றைக் கறியோடு குழைத்து வைப்பது

தனியாக வையுங்கள். நன்றாக ஆறிய பின் தண்ணீர் விட்டு மூடிவைத்தால் காலையில் பழஞ்சோறு. தயிரும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் இருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு வேறு செலவில்லை. கறி தொட்ட சோறு விடியும் முன் புளித்து நாறும்.

ஒடியல்மாவை ஊறவிடாமல் கூழுக்குள் கொட்டுவது

மாதக் கடைசியில் வீடு முழுவதற்கும் வயிறு நிறையச் செய்யக்கூடியது ஒடியற்கூழ். கொஞ்சம் மீன், ஒரு பிடி பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்று வீட்டில் மிஞ்சியது எதையும் அது ஏற்கும். ஆனால் ஒடியல், பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தது. அவித்துக் காயவைக்கும் புழுக்கொடியல் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, மாவைப் பையிலிருந்து நேரே பானைக்குள் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கூழ் கைக்கும், அத்தனை மீனும் மரக்கறியும் வீண்.

மாவை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் வையுங்கள். மா அடியில் படிந்ததும் மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள். மறுபடி தெளியவிட்டு ஊற்றுங்கள். கைப்பும், உடலுக்கு ஒவ்வாதவையும் அந்த நீரோடு போகும். பானையில் எல்லாம் அவிந்த பிறகு, அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளிக் கரைசலையும் விட்டு, கடைசியாக இந்த மாவைக் கரைத்து ஊற்றி, நெருப்பைக் குறைத்துக் கைவிடாமல் துழாவுங்கள். ஆறும்போது கூழ் இன்னும் இறுகும். ஆகவே சற்று நீர்ப்பதமாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.