டாக்டர் முதலில் உங்களைத்தான் கேட்பார்: நாய், பூனையை முதன்முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

எங்கள் நாய் செவலை இரண்டு மாதக் குட்டியாக இருந்தபோது ஒருநாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் குட்டியைத் தொடவே இல்லை, என்னைப் பார்த்தார். "கடைசியா எப்ப வெளிக்குப் போச்சு? தண்ணி குடிக்குதா? வாந்தி எத்தனை தடவை, என்ன நிறம்? பூச்சி மருந்து கொடுத்தீங்களா? ஊசி போட்டாச்சா?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "சரி, வீட்ல வேற யாரு இருக்கா?" என்றார். அம்மாவுக்கு போன் போட்டேன். "நேத்து வாந்தில சேமியா மாதிரி நெளிஞ்சுதே, நீ பார்க்கலையா?" என்றாள் அம்மா. வயிற்றில் உருண்டைப்புழு. பாதி வைத்தியம் அந்த போனிலேயே முடிந்தது.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

1. எங்கே போவது

பக்கத்து ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் மாடு, ஆடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நாய், பூனையும் பார்ப்பார்கள். பெரிய பரிசோதனை, அறுவை சிகிச்சை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன: சென்னை வேப்பேரியில் (இந்தக் கல்லூரி 1903-ல் தொடங்கியது), நாமக்கல்லில், திருநெல்வேலியில், ஒரத்தநாட்டில். அங்கே செலவு குறைவு, கூட்டம் அதிகம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். தனியார் கிளினிக் என்றால் போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டணத்தையும் அப்போதே கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

2. முந்தின நாள் வேலை

ஒரு தாளை எடுங்கள். எப்போதிலிருந்து சரியில்லை, என்ன சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, மலம் எப்படி, சிறுநீர் போகிறதா என்று எழுதுங்கள். மலத்தையும் வாந்தியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பாக இருக்கும்தான், ஆனால் டாக்டர் அந்தப் போட்டோவை ஆவலோடு வாங்கிப் பார்ப்பார். நொண்டல், இருமல், வலிப்பு மாதிரி விஷயங்களுக்கு வீடியோ. வீட்டில் நொண்டுகிற நாய் ஆஸ்பத்திரி வாசலில் பயத்தில் நேராக நடக்கும்!

பழைய ஊசி அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காதீர்கள். நம் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். பாதி மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். வலி மாத்திரையான ஐபுப்ரோஃபன் நாய்க்கும் ஆகாது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லவேண்டிய முதல் தகவல் அதுதான்.

3. கொண்டுபோவது

நாய்க்குக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும், எவ்வளவு சாதுவாக இருந்தாலும். பூனைக்கு மூடியுள்ள கூடை கட்டாயம். மடியில் வைத்துப் போகலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு ஹாரன் சத்தம் போதும். கூடையை நான்கைந்து நாள் முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளே பழைய துணி போட்டுவிட்டால் அதுவே போய்ப் படுக்கும். வழியில் மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். இருட்டில் பூனை அடங்கிவிடும்.

4. காத்திருக்கும் நேரம்

தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடவே கூடாது. குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆஸ்பத்திரிக்கு நோயுள்ள நாய்கள்தானே வரும்? மடியிலேயே வைத்திருங்கள். அடுத்தவர் நாயோடு மூக்கு உரசி நட்பு வளர்க்க இது இடமில்லை.

5. மேசை மேல்

முதலில் எடை. மருந்தின் அளவு எல்லாம் எடைக் கணக்குதான். அப்புறம் காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் திடுக்கிடுவார்கள். நாய்க்கு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு, அதைக் கேட்டுப் பதறவேண்டாம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுவார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். ஈறே வெளுப்பாக இருந்தால், கூடவே காய்ச்சலும் இருந்தால், காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவார். உண்ணிக் காய்ச்சலா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லலாம்.

உங்கள் வேலை தலைப்பக்கம் நின்று பேச்சுக் கொடுப்பது. வாயைக் கட்டவேண்டும் என்று டாக்டர் சொன்னால் "எங்க பப்பி கடிக்காது" என்று வாதாடாதீர்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் வெறிநாய்க்கடி ஊசிக்குப் போகவேண்டும்.

6. ஊசி

நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு கொடிய தொற்றுநோய்) இரண்டுக்கும் சேர்ந்த முதல் ஊசி; மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தருவார்கள். போட்டவுடன் ஓடிவராமல் அரைமணி அங்கேயே உட்காருங்கள். அன்று முழுக்கத் தூங்கி வழிந்தால் பரவாயில்லை. முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே திரும்புங்கள்.

7. கிளம்பும் முன்

மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாள், மறுபடி எப்போது வரவேண்டும்: மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உண்ணிக் காய்ச்சல் மாத்திரை நான்கு வாரம்வரை போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளி ஓடும், அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாதீர்கள்.

இந்த வரிசை எதையும் பார்க்காமல் ஓடவேண்டிய நேரமும் உண்டு: ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை, நாயின் வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிக்கிறது, வலிப்பு நிற்கவில்லை, எலி மருந்து தின்றுவிட்டது. இதற்கெல்லாம் "காலையில பார்த்துக்கலாம்" கிடையாது.

அப்புறம் ஒன்று, வீட்டில் இரண்டு பூனை வைத்திருப்பவர்களுக்கு. ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வருவதை மற்றது அந்நியன் என்று நினைத்துச் சீறிப் பாயும். சில மணி நேரம் தனி அறையில் விட்டு, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்து பழைய வாசனைக்கு வந்தபிறகு கதவைத் திறங்கள்.