பெங்களூருவில் பணி வழக்கு: மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகுவது எப்படி?

மத்திய அரசு ஊழியருக்குப் பதவி உயர்வோ ஓய்வூதியமோ மறுக்கப்பட்டால், முதல் படி துறைக்குள் மேல்முறையீடு. நகலில் சீலும் தேதியும் கட்டாயம் வாங்குங்கள். பின்னால் கெடுவை நிரூபிப்பது அந்தச் சீல்தான். 6 மாதம் பதில் இல்லையென்றால், அடுத்த 1 வருடத்துக்குள் இந்திராநகரில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: நினைவூட்டல் கடிதங்களை எத்தனை அனுப்பினாலும் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்கத் தனி மனு வேண்டும்.

கட்டணம் 50 ரூபாய்தான். மனு 3 பிரதி. எதிர்க்கும் உத்தரவு மனுவோடு ஒரு கட்டாக, மற்ற ஆவணங்கள் இன்னொரு கட்டாக. கன்னட, தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேருங்கள்.

தோற்றால், உச்ச நீதிமன்றத்தின் 1997 சந்திரகுமார் தீர்ப்பின்படி உயர் நீதிமன்றம்: சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்கு எதிரே, 1868இல் கட்டி முடித்த சிவப்பு அட்டாரா கச்சேரி. கர்நாடக மாநில ஊழியர்களுக்குத் தீர்ப்பாயமே வேறு.