சாதாரண கணக்கு அட்மின் ஆகிவிடும் ஓட்டை: உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துக் கணினி ஒன்றுதான். சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் அதில்தான் உட்காருவார்கள், நன்கொடைக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு கொடுத்திருந்தோம். அது போதும் என்று நினைத்திருந்தேன், கேமரா மென்பொருள் ஒன்றைப் போடும்வரை.

உங்கள் விண்டோஸ் கணினியிலும் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறவுங்கள், பின்னணியில் தானாக ஓடும் நிரல்களின் பட்டியல் அது. 'லாக் ஆன் ஆஸ்' பத்தியில் 'லோக்கல் சிஸ்டம்' என்று இருப்பவை அட்மினைவிடவும் அதிக அதிகாரத்தோடு ஓடுபவை. நீங்கள் வெளியிலிருந்து வாங்கிப் போட்ட மென்பொருளின் பெயரை இரண்டு முறை கிளிக் செய்தால் அதன் எக்ஸி கோப்பு (நிரலை ஓட்டும் கோப்பு) எங்கே இருக்கிறது என்று ஒரு வரி தெரியும். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, சாதாரணக் கணக்கால் அங்கே எழுத முடியாது. நேரடியாக சி டிரைவில் தனி ஃபோல்டரில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், பிறகு செக்யூரிட்டி. 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற பெயருக்கு நேராக 'மாடிஃபை' டிக் ஆகியிருக்கிறதா? சி டிரைவில் புதிதாக உருவாகும் ஃபோல்டருக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுக்கும் உரிமை அது. இன்ஸ்டாலர் எழுதியவர் அதை மாற்றாமல் விட்டால், உள்ளே நுழைந்த எவரும் கோப்பை மாற்றலாம். நான் பிள்ளைகளின் கணக்கில் நுழைந்து, ஓடிக்கொண்டிருந்த எங்கள் கேமரா மென்பொருளின் எக்ஸி பெயரை மாற்றிப் பார்த்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் மாறியது! அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்துவிட்டால், கணினி அடுத்த முறை தொடங்கும்போது சிஸ்டம் அதிகாரத்தோடு அதுதான் ஓடும், யாரும் ரீஸ்டார்ட் செய்யக்கூட வேண்டாம், ஒரு லோட் ஷெடிங் (மின்வெட்டு) போதும்.

சரி, திருத்துவது எப்படி? மென்பொருளை நீக்கிவிட்டு புரோகிராம் ஃபைல்ஸில் மறுபடி நிறுவுவதுதான் சுத்தமான வழி. முடியாவிட்டால் செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டு போய், மேலிருந்து, அதாவது சி டிரைவிலிருந்து, வரும் உரிமையை நிறுத்துங்கள். இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், ஆம் சொல்லிவிட்டு, ஆதென்டிகேட்டட் யூசர்ஸை மட்டும் எடுங்கள். அப்புறம் மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். தயாரித்தவருக்கும் எழுதுங்கள், இதே ஓட்டை அவருடைய எல்லா வாடிக்கையாளரிடமும் இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். 2021 நவம்பரில் விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே இருந்த இப்படியொரு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. அதைக் கண்டுபிடித்த அப்தெல்ஹமீத் நசேரியே அந்த அடைப்பைத் தாண்டலாம் என்று காட்ட, டிசம்பரில் மறுபடி அடைத்தார்கள்.

இன்னொன்று, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தே இன்ஸ்டாலரை ஓட்டாதீர்கள். பல இன்ஸ்டாலர்கள் தமக்கு வேண்டிய டிஎல்எல் கோப்பை (நிரலுக்குத் துணையாக ஓடும் கோப்பு) முதலில் பக்கத்திலேயே தேடும், அங்கே யாராவது போலியை இறக்கி வைத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். காலியான புது ஃபோல்டர் ஒன்றுக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.